யார்க் மதில் வாசல் டூர்: 15 பவுண்டுக்கு பாத்ததும் ஓசியில பாத்ததும்

மொதல்லயே முடிவ சொல்லிடுறேன், முழுசா படிக்க நேரமில்லாதவங்க இதோட கெளம்பிடலாம். இங்கிலாந்துல யார்க் ஊருக்கு போனீங்கன்னா அந்த பழைய மதில் வாசலுங்கள கண்டிப்பா பாருங்க, அதுக்கு அஞ்சுக்கு அஞ்சு. அதுக்குன்னு காசு குடுத்து கைடு டூர் புக் பண்ண போறீங்கன்னா ஒரு தடவ யோசிங்க, நாங்க போன டூருக்கு என் மார்க் அஞ்சுக்கு ரெண்டுதான், அந்த ரெண்டும் கைடா வந்த பொண்ணு கடைசி வரைக்கும் சிரிச்ச மொகமா பேசுனதுக்கு. கம்பெனி பேரு போடல, ஒரு நாள் அனுபவத்த வச்சு யாரு பொழப்புலயும் மண்ணள்ளி போட வேணாம்.

நாங்க இருக்கிறது லீட்ஸ்ல, அங்கேருந்து யார்க்குக்கு ட்ரெயின்ல அரை மணி கூட ஆகாது. ஊர்லேருந்து மாமனார் வந்திருந்தார். மனுஷன் பொதுப்பணித்துறையில ரிட்டையர் ஆனவர், சர்வீஸ்ல பாதிக்கு மேல அணை, மதகு, ஷட்டர்னே போயிருக்கு. லண்டன் கூட்டிட்டு போனோம், அரண்மனை காட்டுனோம், "நல்லாருக்கு"ன்னார், அவ்ளோதான். பாலம் காட்டுனோம், அதுக்கு மட்டும் ரெண்டு வார்த்தை கூட பேசினார். சரி, கல்லு கட்டடம்னா புடிக்கும்போலன்னு என் வைஃப்தான் யார்க் ஐடியா குடுத்தா, ஆன்லைன்ல தலைக்கு 15 பவுண்டுன்னு நாலு டிக்கெட்டும் அவதான் போட்டா, எட்டு வயசு பையனுக்கும் ஃபுல் டிக்கெட்டு, இத நான் இன்னும் மறக்கல.

ட்ரெயின விட்டு எறங்கி வெளிய வந்தா எதிர்லயே மதில். பச்சை புல்லு மேடு, அதுக்கு மேல வெள்ளையும் மஞ்சளுமா சுண்ணாம்புக்கல் சுவரு, டாட்காஸ்டர் பக்கத்துலேருந்து கொண்டு வந்த கல்லு. நாங்க போனது ஏப்ரல் மொத வாரம், மேடு பூராவும் டாஃபடில் பூ மஞ்சளா கொட்டி கெடந்துச்சு, பையன் அதுல உருளணும்னு ஒரே அடம். இந்த மேடே ஒரு கதை, அதுக்குள்ள ரோமானியர் காலத்து சுவரு, வைக்கிங் காலத்துல கொட்டுன மண்ணுன்னு அடுக்கடுக்கா பொதஞ்சு கெடக்கு, அதுக்கு மேலதான் 13, 14ம் நூற்றாண்டுல இப்ப பாக்குற சுவரை எழுப்பிருக்காங்க. மொத்தம் 3.4 கிலோமீட்டர் மிச்சம் இருக்கு, இங்கிலாந்துல இவ்ளோ நீளத்துக்கு பழைய ஊர் மதில் வேற எங்கயும் இல்ல. மேல ஏறி நடக்க காசே கெடையாது. காலைல தொறந்து இருட்டுறப்ப பூட்டிடுவாங்க.

போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் தெரிஞ்சு வச்சுக்கோங்க, இல்லன்னா மேப்ப பாத்து தல சுத்தும். அந்த ஊர்ல கேட்னா தெரு. ஸ்டோன்கேட், காசில்கேட், மிக்கில்கேட் எல்லாமே தெரு பேருதான், வைக்கிங்காரங்க பாஷையில கடான்னா தெருவாம், அது தேஞ்சு கேட் ஆயிடுச்சு. அப்ப நெஜமான கேட்டுக்கு என்ன பேரு? பார். மிக்கில்கேட் பார், பூதம் பார், மங்க் பார், வாம்கேட் பார்னு நாலு பெரிய வாசல். அப்ப பாரு? அது பப். மாமனாருக்கு இத வெளக்குனா "ஏன் மாப்ள, வாசலுக்கு பேரு பாரா, அப்ப நாலு பார் பாக்கத்தான் என்ன இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்தீங்களா"ன்னு சத்தமா கேக்குறார், பக்கத்துல தமிழ் தெரிஞ்சவங்க யாரும் இல்லாதது என் நல்ல நேரம்.

டூர் ஆரம்பிச்சது மிக்கில்கேட் பார்ல. லண்டன் ரோட்ட பாத்த வாசல் இது, ராஜா ராணி யாரு வந்தாலும் சம்பிரதாயமா இது வழியாத்தான் உள்ள வருவாங்க. அடிப்பாகத்து வளைவு 12ம் நூற்றாண்டு, மேல் மாடிங்க 14ம் நூற்றாண்டு, மேல ரெண்டு மூலையிலயும் ஒட்ட வச்ச மாதிரி குட்டி கோபுரம், உச்சியில கல்லு பொம்மை ஆளுங்க. நாங்க மொத்தம் பதினாலு பேரு, கைடு பொண்ணு நேரா தலைங்க கதைக்கு போயிட்டா. துரோகின்னு வெட்டுன தலைய கம்புல சொருகி இந்த வாசல் மேலதான் வைப்பாங்க, ஊருக்குள்ள வர்றவன் எல்லாம் அண்ணாந்து பாத்துட்டு ஒழுங்கா நடந்துக்கணும்னு. 1403ல ஹாட்ஸ்பர்னு பேரெடுத்த ஹென்றி பெர்சி. 1460 டிசம்பர்ல வேக்ஃபீல்ட் சண்டையில செத்த யார்க் டியூக் ரிச்சர்டு, அவர் தலைக்கு காகிதத்துல கிரீடம் செஞ்சு மாட்டி இங்க வச்சாங்க. அடுத்த மூணே மாசத்துல டௌட்டன் சண்டையில அவர் மகன் நாலாம் எட்வர்டு ஜெயிச்சு வந்து அப்பா தலைய எறக்கிட்டு எதிராளிங்க தலைய ஏத்திட்டான். கடைசியா 1746ல ரெண்டு ஜேகோபைட் கலகக்காரங்க (பட்டம் பறிபோன பழைய ராஜ குடும்பத்த திரும்ப கொண்டு வரணும்னு சண்ட போட்டவங்க) தலை, எட்டு வருஷம் அப்படியே கெடந்து 1754ல ஒரு ராத்திரி யாரோ திருடிட்டு போயிட்டாங்க.

கதையெல்லாம் நல்லாத்தான் சொன்னா, இல்லேங்கல. ஆனா இருபது நிமிஷம் தலையிலயே போச்சு, வாசல பத்தி ஒரு வார்த்தை இல்ல. இது எப்படி தொறக்கும், எப்படி மூடும், மூடுனா எதிரி என்ன பண்ணுவான், உள்ள இருக்கிறவன் எங்க நிப்பான், எதுவுமே இல்ல. மாமனார் அந்த வளைவுக்குள்ள போயி சுவர தடவி பாக்க ஆரம்பிச்சார், அது வழியா இன்னமும் கார் போகுது, ஒருத்தன் ஹாரன் அடிச்சான், கைடு "ப்ளீஸ் சார், குரூப்போட இருங்க"ன்னு கூப்ட்டா. அவ்ளோதான், மனுஷன் மூஞ்சி சுருங்கிடுச்சு.

ஒரு சமாச்சாரம் அவ சொல்லல, நான் சொல்றேன். 2022 நவம்பர்ல மன்னர் சார்லஸ் வந்தப்ப இதே வாசல்லதான் ஒருத்தர் முட்டை எறிஞ்சார். நாலஞ்சு முட்டை, ஒண்ணு கூட மேல படல. மேல இருந்து கீழ எறியறதுக்குன்னே கட்டி வச்ச எடத்துல தரையில நின்னு எறிஞ்சா எப்படி படும்.

அடுத்து மதில் மேல ஏறி ஸ்டேஷன் பக்கமா நடந்து, ஆத்துப் பாலம் தாண்டி பூதம் பார். ஒரு எடத்துல மதிலுக்கு கீழ பெரிய பெரிய வளைவு வெட்டிருக்காங்க, பழைய ரயில் ஸ்டேஷன் ஊருக்குள்ள இருந்தப்ப தண்டவாளம் போறதுக்காக. பூதம் பார் இருக்கிறது ரோமானியர் கோட்டையோட வாசல் இருந்த அதே எடம், ரெண்டாயிரம் வருஷமா ஜனங்க ஒரே ஓட்டை வழியா ஊருக்குள்ள போயி வந்துட்டு இருக்காங்கன்னு நெனச்சா ஒரு மாதிரி இருக்கு. ஸ்காட்லாந்துக்காரன் யாரா இருந்தாலும் இங்க கதவ தட்டி அனுமதி வாங்கிட்டுத்தான் உள்ள வரணும்னு 1501ல ஒரு உத்தரவு போட்டாங்களாம். எங்க குரூப்புல ஒரு ஸ்காட்லாந்து ஜோடி இருந்துச்சு, அந்தம்மா உடனே கல்லு சுவர தட்டிட்டு உள்ள போச்சு. டூர்ல நான் மனசார சிரிச்ச எடம் அது ஒண்ணுதான்.

வாசலுக்கு எதிர்ல திடல்ல ஒரு சிலை இருக்கு, வில்லியம் எட்டின்னு ஒரு பெயின்டர். கைடு ஆர்ட் கேலரியோட சேத்து கைய காட்டிட்டு போயிட்டா. ஆனா இன்னைக்கு இந்த வாசல் இருக்கிறதுக்கே அந்தாளும் ஒரு காரணம். 1800ல நகராட்சி இந்த மதில், வாசல் எல்லாத்தையும் இடிச்சுடலாம்னு கெளம்பிட்டாங்க, ரிப்பேர் செலவு, வண்டி போக எடம் பத்தலன்னு. எதிர்ப்பு வந்துச்சு, எட்டி மாதிரி ஆளுங்க வருஷக்கணக்கா எழுதி, பேசி, சண்ட போட்டாங்க. அப்பவும் முழுசா காப்பாத்த முடியல, மிக்கில்கேட், மங்க், பூதம் மூணு வாசலுக்கும் முன்னாடி நீட்டிட்டு இருந்த பார்பிகன 1820, 30கள்ல இடிச்சுட்டாங்க. அந்த பார்பிகன்னா என்னன்னு கேட்டா கைடு, "வாசலுக்கு முன்னாடி ஒரு எக்ஸ்ட்ரா வாசல்"ன்னா. எக்ஸ்ட்ரா வாசல்! எலிப்பொறிக்கு எக்ஸ்ட்ரா ரூம்னு பேரு வச்ச மாதிரி. அத பின்னாடி சொல்றேன்.

பூதம் பார்லேருந்து மங்க் பார் வரைக்கும் மதில் மேல நடக்குறதுதான் எல்லாரும் போட்டோ எடுக்குற ஸ்ட்ரெச், ஒரு பக்கம் மின்ஸ்டர் சர்ச் அப்படியே கூடவே வரும், கீழ தோட்டம், பெரிய மரங்க. அழகுதான், பொய் சொல்லக்கூடாது. ஆனா நடை குறுகல், உள் பக்கம் நெறைய எடத்துல கைப்பிடி கெடையாது, எதிர்ல ஆள் வந்தா ஒதுங்கி நிக்கணும், பையன் கைய நான் விடவே இல்ல. மழை பேஞ்சா கல்லு வழுக்கும். ப்ராம் தள்ளிட்டு போற எண்ணம் இருந்தா விட்டுடுங்க. நாய் கூட்டிட்டு போக விட மாட்டாங்க.

மங்க் பார் நாலு வாசல்லயும் ஒசரமானது, சுமார் 19 மீட்டர், நாலு அடுக்கு. கீழ் மூணு அடுக்கு 14ம் நூற்றாண்டு, உச்சி அடுக்கு மூணாம் ரிச்சர்டு காலத்துல 1484ல ஏத்துனது. இதோட விசேஷம் என்னன்னா ஒவ்வொரு மாடியும் தனித்தனியா தாக்குப்புடிக்கிற மாதிரி கட்டிருக்காங்க, எதிரி கீழ் மாடிய புடிச்சா மேல் மாடிக்காரன் அவன் தலைக்கு மேல ஒக்காந்து இன்னும் சண்ட போட்டுட்டு இருப்பான். வெளி மொகப்புல ரெண்டு பக்க கோபுரத்துக்கும் நடுவுல பெரிய வளைவு, அதுக்கு மேல ஒரு நடை, அந்த நடைக்கு கீழ ஓட்டை, வாசல்ல நிக்கிறவன் மண்டைக்கு நேரா. உச்சியில கல்லு பொம்மைங்க ஆளுக்கு ஒரு பாறாங்கல்ல தூக்கிட்டு போடவான்னு நிக்குது. இது எல்லாமே வெளிய ரோட்டுல நின்னு பாத்தாத்தான் தெரியும். எங்கள எங்க நிறுத்துனாங்க? உள்ள. ஊர் பக்கம். படி எறங்குற எடத்துல, ஒரு கடை வாசல்ல.

அங்க நின்னுட்டுதான் அந்த கொதிக்கிற எண்ணெய் கதை. "இந்த ஓட்டை வழியா கொதிக்கிற எண்ணெய ஊத்துவாங்க"ன்னு. மாமனார் என்கிட்ட மெதுவா கேட்டார், "மாப்ள, எண்ணெய் அந்த காலத்துல இங்க அவ்ளோ மலிவா?" அதே கேள்விதான் எனக்கும். எண்ணெய்ங்கிறது சாப்பாட்டுக்கும் வெளக்குக்குமே அளந்து செலவு பண்ண பொருள், அத குடம் குடமா காய்ச்சி ரோட்டுல ஊத்த எவன் கிட்ட காசு இருந்துச்சு. கல்லு போட்டுருப்பாங்க, வெந்நீர் ஊத்திருப்பாங்க, சூடு மணல் கொட்டிருப்பாங்க, நீறாத சுண்ணாம்பு தூவிருப்பாங்க. அத விட முக்கியமா ஒண்ணு, வாசல் கதவு மரம், எதிரி மொதல்ல செய்யுற வேலை கதவுகிட்ட விறக அடுக்கி தீ வைக்கிறது, அந்த தீய அணைக்க மேல இருந்து பச்சத்தண்ணி ஊத்துறதுக்கும் இதே ஓட்டைதான். கொல்லுறதுக்கு வச்ச ஓட்டைய நெருப்பணைக்கவும் வச்சுக்கிட்டான், அதுல என்ன கொறஞ்சு போச்சு, எண்ணெயே வேணும்னு ஏன் அடம் புடிக்கிறாங்களோ.

நான் கைய தூக்கி வாம்கேட் எப்ப போவோம்னு கேட்டேன். "அது ரொம்ப தூரம், டூர்ல இல்ல"ன்னா. வெப்சைட்ல என்ன போட்டுருந்தாங்க தெரியுமா, யார்க்கின் நாலு வாசல்கள். நாலு! மூணு காட்டிட்டு நாலாவதுக்கு மேப்புல ஒரு புள்ளி வச்சு குடுத்தா. அதுவும் நாலுல பாக்க வேண்டியதே அந்த ஒண்ணுதான். டூர் மங்க் பார்லயே முடிஞ்சுது, கை தட்ட சொன்னாங்க, தட்டுனோம். என் வைஃப் "விடுங்க, சண்ட போடாதீங்க, நாமளே போலாம்"ன்னா. இங்கேருந்து ஓசி.

மங்க் பார்லேருந்து மதில் கொஞ்ச தூரம் போயி லேயர்தார்ப் பக்கம் பொசுக்குனு நின்னுடும். அந்த பக்கம் மதிலே கட்டல, ஏன்னா அங்க ஏரி இருந்துச்சு. 1066ல இங்கிலாந்த புடிச்ச வில்லியம் ராஜா காலத்துல கோட்டை அகழிக்கு தண்ணி வேணும்னு ஃபாஸ் ஆத்த மறிச்சு கட்டுனதுல அந்த பக்கம் பூரா தண்ணி தேங்கி நின்னுச்சு, தண்ணியே காவல். அணைன்னதும் மாமனார் முகத்துல மொத வெளிச்சம். இப்ப அங்க அந்த ஏரி இல்ல, கடைங்களும் ரோடும்தான், பத்து நிமிஷம் ஒண்ணும் இல்லாம நடக்கணும். அப்புறம் செங்கல்லுல ஒரு குட்டி கோபுரம் வரும், ரெட் டவர், 1490 வாக்குல கட்டுனது. ஊர் பூரா கல்லு சுவரு, இது மட்டும் செங்கல். கல் தச்சனுங்களுக்கு அதுல செம கடுப்பு, எங்க வேலைய செங்கல்காரனுக்கு குடுக்குறியான்னு தகராறு முத்தி, செங்கல் வேலை பாத்த ஒருத்தர் கொலையே ஆயிட்டார், கல் தச்சனுங்க மேல சந்தேகம். கான்ட்ராக்ட்னா அன்னைக்கும் அப்படித்தான்.

இப்ப வாம்கேட் பார். இங்க மதிலுக்கு உள் பக்கமா வராதீங்க, சுத்திக்கிட்டு வெளிய ரோட்டுக்கு போயி, ஊர தாக்க வந்தவன் மாதிரி நேரா நின்னு பாருங்க. இங்கிலாந்துல ஊர் மதில் வாசல்ல பார்பிகன் முழுசா மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுலதான். வாசல்லேருந்து ரெண்டு பக்கமும் கை நீட்டுன மாதிரி ரெண்டு ஒசந்த சுவரு ரோட்ட பாத்து வருது, அந்த முனையில ஒரு வளைவு, அது ஓரத்துல ரெண்டு சின்ன கோபுரம். அந்த வளைவுக்குள்ள நுழைஞ்சா மேல கூரை கெடையாது, வானம்தான். ரெண்டு பக்கமும் கல்லு சுவரு, நேர் எதிர்ல உண்மையான வாசல். நான் எட்டு வச்சு எண்ணி பாத்தேன், இருபத்தஞ்சு எட்டு கூட வரல.

இதான் நான் சொன்ன எலிப்பொறி. மொத வளைவ எப்படியோ ஒடைச்சுட்டு கூட்டமா உள்ள பூந்துட்டன்னு வை, முன்னாடி கதவு மூடியிருக்கு, பின்னாடி உன் ஆளுங்களே நெருக்கிட்டு வர்றான், திரும்ப முடியாது, ரெண்டு சுவரு மேலயும் நடைபாதை, அதுல நிக்கிறவன் ரெண்டு பக்கமும் உள்ள பாத்தே அம்பு விடுவான், கல்லு போடுவான். பெரிய மரத்த தூக்கிட்டு ஓடி வந்து கதவ இடிக்கலாம்னா ஓடி வர எடம் எங்க இருக்கு. மசால் வடை வாசன புடிச்சுட்டு உள்ள போன எலி கதைதான். கோட்டைக்கு எளச்ச எடம் வாசல், ஏன்னா சுவத்துல நாமளே போட்ட ஓட்டை அது, அந்த எளச்ச எடத்தையே எதிரிக்கு மோசமான எடமா மாத்திருக்கான் பாருங்க. எனக்கு அங்க நின்னப்ப நெஜமாவே கழுத்து பின்னாடி கூசுச்சு, மேல யாரோ ஒரு பொண்ணு போன்ல பேசிட்டு எட்டி பாத்துச்சு, அதுக்கே.

மாமனார் அதுக்குள்ள வாசலுக்கு அடியில போயிட்டார். ஆளக் காணோம்னு போனா, அண்ணாந்து நிக்கிறார். மேல இருட்டுல வரிசையா கூர் முனைங்க தொங்குது. போர்ட்கல்லிஸ். மரச்சட்டம் குறுக்கும் நெடுக்குமா அடிச்ச பெரிய ஜாலி கதவு, மேலேருந்து நேரா கீழ எறங்குறது.

"மாப்ள, இங்க வாங்க. கைய வச்சு பாருங்க."

சுவத்துல ரெண்டு பக்கமும் மேலேருந்து கீழ வரைக்கும் நேரா ஒரு காடி வெட்டிருக்கு, என் உள்ளங்கை உள்ள போகுது.

"இது நம்ம மதகு ஷட்டர்ங்க. அதே காடி, அதே வேலை. அங்க தண்ணிய நிறுத்துறோம், இங்க ஆள நிறுத்திருக்கான். மேல ரூம்ல உருளை இருக்கும், கயிறு சுத்தி ஏத்திருப்பான், பாத்துக்கோங்க."

அவர் சொன்னது சரிதான், மங்க் பார்ல அந்த ஏத்தி எறக்குற உருளை மாடியில இன்னும் இருக்கு. நான் கேட்டேன், "அதான் பின்னாடி ரெட்டைக் கதவு இருக்கே மாமா, எதுக்கு இது வேற?" அதுக்கு அவர் சொன்னது டூர் முழுக்க கேட்டத விட பிரயோஜனம். கதவு மூட நேரம் வேணும், அது திரும்ப எடம் வேணும், நடுவுல ஒரு மாட்டு வண்டிய நிறுத்திட்டான்னா கதவ மூடவே முடியாது. ஷட்டர் அப்படி இல்ல, ஏத்தறதுதான் கஷ்டம், எறக்க ஆளே வேணாம், கயித்த விட்டா அதோட கனத்துக்கே வந்து உக்காந்துடும், கீழ வண்டி இருந்தா வண்டிக்குத்தான் நஷ்டம். அப்புறம் ஜாலியா இருக்கிறதால உள்ள இருந்து வெளிய பாக்கலாம், சந்துல ஈட்டி விட்டு குத்தலாம், கெட்டி கதவுல அது முடியாது. "ஆனா ஒண்ணு மாப்ள, வருஷா வருஷம் காடிய சுத்தம் பண்ணி கிரீஸ் வச்சிருக்கணும், இல்லன்னா அவசரத்துக்கு பாதியில நின்னுடும். மதகு பாத்துக்கிற லஸ்கர் மாதிரி யாரோ ஒருத்தன் இங்கயும் திட்டு வாங்கிருப்பான்"னார். அவர் மூஞ்ச பாக்கணுமே.

கதவும் பழசுதான், 15ம் நூற்றாண்டு ஓக் மரம், அதுல நம்ம ஊர் கோயில் கதவுல இருக்கிற மாதிரியே ஒரு திட்டிவாசல். பெரிய கதவ மூடுன பெறகு ஒத்த ஆள் குனிஞ்சு போற அளவுக்கு. ராத்திரி ஊர் வாசல் அடைச்சுடுவாங்க, லேட்டா வர்றவன் கெஞ்சிக்கிட்டு நிக்கணும். சண்டை நூறு வருஷத்துக்கு ஒரு தடவ வரும், தெனப்படி வேலை இதுதான், யாரு வர்றான், வண்டியில என்ன கொண்டு வர்றான், அதுக்கு வரி கட்டுனானா. இந்த மதில் கட்டவே ராஜா அனுமதி குடுத்து ஊருக்குள்ள வர்ற சரக்குக்கு வரி போட்டு வசூல் பண்ணாங்க. "செக்போஸ்ட்டுன்னு சொல்லுங்க"ன்னு மாமனார் முடிச்சுட்டார்.

அடியும் நல்லா வாங்குன வாசல் இது. 1489ல வரி கலகத்துல கொளுத்துனாங்க. 1644ல உள்நாட்டுப் போர்ல பார்லிமென்ட் படை ஊர வளைச்சு நின்னப்ப பீரங்கியால அடிச்சாங்க, கீழ சுரங்கம் தோண்டி வெடி வச்சு தூக்கிடலாம்னு பாத்தாங்க, உள்ள இருந்தவங்களுக்கு விஷயம் தெரிஞ்சு அது நடக்கல. ஆனா பக்கத்துல மார்ஸ்டன் மூர்ல ராஜா படை தோத்ததும் ரெண்டே வாரத்துல, ஜூலை 16, ஊரே சரணடைஞ்சுது. இவ்ளோ பெரிய வாசல யாரும் ஒடைச்சுட்டு உள்ள வரல, வேற எங்கயோ தோத்ததுக்கு இங்க கதவ தொறந்து விட்டாங்க. 1648ல ரிப்பேர் பண்ணிருக்காங்க. மொகப்புல குண்டு பட்ட பள்ளம் இன்னும் இருக்கு, பையன் ஒவ்வொண்ணுக்குள்ளயும் விரல விட்டு எண்ணி பதினேழுன்னான், அதுல பாதி வெறும் மழை அரிச்சதா இருக்கும், நான் ஒண்ணும் சொல்லல.

இப்ப உள் பக்கம் போங்க, அதே வாசல் வேற ஆளா மாறிடும். எலிசபெத் ராணி காலத்துல கட்டுன மரச்சட்ட வீடு ஒண்ணு ரெண்டு தூண் மேல வாசலோட முதுகுல ஒட்டிக்கிட்டு நிக்குது. முன்னாடி முறைக்குது, பின்னாடி வீட்டுத் திண்ணை மாதிரி. போன நூற்றாண்டு வரைக்கும் இதுல குடும்பம் வாடகைக்கு இருந்துருக்கு. நாங்க போனப்ப மேல காஃபி கடை, படி குறுகலா சுத்தி சுத்தி போகும், மாமியார் வராதது நல்லதா போச்சு அவங்களுக்கு முட்டி வலி. தரை ஒரு பக்கம் சாஞ்சு மேஜை லேசா ஆடும். காஃபி சுமார், கேரட் கேக் நல்லாருந்துச்சு, ஜன்னல் சீட்டு கெடச்சா விடாதீங்க, கீழ போறவன் தலை நேரா தெரியும். இதுக்கு நான் அஞ்சுக்கு நாலு குடுப்பேன், அந்த ஒண்ணு கொறைச்சது காஃபிக்கு.

திரும்புறப்ப இன்னும் கொஞ்ச தூரம் நடந்தா ஃபிஷர்கேட் பார்னு ஒரு சின்ன வாசல், யாரும் போட்டோ எடுக்குறதில்ல. அதே 1489 கலகத்துல இதையும் கொளுத்துனாங்க, அதுக்கப்புறம் ஊர்க்காரங்க வெறுத்து போயி செங்கல் வச்சு அடைச்சுட்டாங்க, முந்நூறு வருஷத்துக்கு மேல மூடியே கெடந்து 1827லதான் மறுபடி தொறந்தாங்க. வளைவு ஓரத்து கல்ல கிட்ட போயி பாருங்க, மத்த எடமெல்லாம் வெளுப்பா இருக்கு, இங்க மட்டும் ரோஸும் செவப்புமா இருக்கும். தீயில வெந்த கலரு அது. அத்தன மழைக்கும் போகல. பையன் தொட்டு பாத்துட்டு "இன்னும் சூடா இருக்கா தாத்தா"ன்னான், அவரும் தொட்டு பாத்துட்டு "லேசா"ன்னார்.

போறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. காலைல மொத ட்ரெயின புடிங்க, பத்து மணிக்கு மேல பூதம்-மங்க் பக்கம் கூட்டம் தாங்காது, வாம்கேட்ல எந்த நேரமும் ஆள் கம்மி. மதில் மேலயே சுத்தி வந்துட்டா வாசல பாத்த கணக்குல சேராது, நாலு வாசல்லயும் கீழ எறங்கி, வெளிய போயி, ரோட்டுக்கு எதிர்ல நின்னு ஒரு தடவ அண்ணாந்து பாருங்க, அப்புறம் அடியில போயி காடிய தேடுங்க. மிக்கில்கேட்லயும் மங்க் பார்லயும் கார் வரும், பாத்து. மதில் மேல பாத்ரூம் கெடையாது, சின்ன பசங்க இருந்தா முன்னாடியே முடிச்சுட்டு ஏறுங்க, இத அனுபவத்துல சொல்றேன். அந்த 60 பவுண்டுக்கு நாலு பேரும் வயிறு நெறைய சாப்ட்டுட்டு மிச்சத்துல கேக்கும் வாங்கிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் டூர் கம்பெனிலேருந்து மெயில், உங்களுக்கு ரொம்ப புடிச்சது எதுன்னு டிக் பண்ண சொல்லி, தலைங்க கதை, மின்ஸ்டர் வியூ, கைடு, மத்தவைன்னு நாலு கட்டம். மாமனார் கண்ணாடிய போட்டுக்கிட்டு மத்தவையில டிக் போட சொன்னார், பக்கத்துல எழுத எடம் இருந்துச்சு, என்ன எழுதட்டும் மாமான்னு கேட்டேன். "ஷட்டர்னு போடுங்க. காடி நல்ல கண்டிஷன்ல இருக்குன்னும் போடுங்க"ன்னார். போட்டேன்.